கீழே எவ்வளவு என்று கேட்ட பெண்

நம் பிரசவ விடுதியில் நீங்கள் மூன்று பேர் நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று ஷீலா ஃபோனில் சொன்னாள். "நீ உக்காந்த மேசைதான்டி. பொண்ணுங்க பயந்துக்கிட்டு இருக்காங்க. ஏதாவது எழுதி அனுப்பு, படிக்கச் சொல்றேன்" என்றாள். பையன் பிறந்த பிறகு நான் வேலைக்குத் திரும்பவில்லை. அவனை யாரிடமும் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. வராமல் இருப்பது சரிதானா என்றும் தெரியவில்லை. எதையும் இரண்டு தடவை யோசிக்கிற ஒருத்தி உங்களுக்கு அறிவுரை சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால் அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ரத்த அழுத்தம் எப்படிப் பார்ப்பது என்பதை என்னைவிட உங்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கர்ப்பத்தில் அது யாருக்கு ஏறும் வாய்ப்பு அதிகம் என்பதும் மனப்பாடமாக இருக்கும். முதல் கர்ப்பம், அதிக வயது, அதிக எடை, இரட்டைக் குழந்தை, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, முன்பே இருக்கும் ரத்த அழுத்தம், செயற்கைக் கருத்தரிப்பு, அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருப்பது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, முந்தைய கர்ப்பத்தில் வந்திருப்பது.

மேசையில் உட்கார்ந்த பிறகுதான், இவை ஒவ்வொன்றும் ஒரு பெண்ணைத் தலைகுனிய வைக்கிற கேள்வி என்று எனக்குப் புரிந்தது. எடை பார்க்கும் கருவியில் ஏறுவதற்கு முன் செருப்பு, கைப்பை, ஃபோன் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, தலையில் இருந்த பூவையும் எடுத்து அம்மா கையில் கொடுத்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். வயதைக் கேட்டால் மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள். சிகிச்சை எடுத்துக் கருத்தரித்தவர்கள் "அதெல்லாம் இல்ல, நார்மல்தான்" என்பார்கள். கூட வந்த நாத்தனார் வாசலுக்குப் போனதும் "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று திரும்பி வருவார்கள். உங்கள் அம்மாவுக்குப் பிரசவத்தில் பிரஷர் இருந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கை கால் இழுத்துக்கொண்டதா என்று கேட்டுப் பாருங்கள். "ஆமா, ஜன்னி வந்துச்சாம்" என்பார்கள்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். நம் பிரசவ விடுதியில் கூட்டம் அதிகமாக இருக்கும் நாள். நாற்காலிகள் போதாமல் சிலர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ரேவதி தன் அம்மாவோடு வந்தாள். பெயரை மாற்றியிருக்கிறேன். தி. நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவள். கணவன் வீடு வேளச்சேரி. முந்தைய நாள்தான் அங்கே ஏழாம் மாதத்து வளைகாப்பு முடிந்து, அம்மா அவளை மந்தைவெளிக்கு அழைத்து வந்திருந்தார். அம்மா ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை செய்பவர். ரேவதி வேளச்சேரியில் ஏதோ சின்ன க்ளினிக்கில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கொண்டுவந்தது ஒரு ஸ்கேனும் சத்து மாத்திரைச் சீட்டும்தான். இரண்டு கைகளிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல். கன்னத்து ஓரத்தில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது.

வளைகாப்பு தலைப்பிரசவத்துக்குத்தான் செய்வார்கள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். அதனால் ஏழாம் மாதத்தில் கை நிறைய வளையலோடு, பக்கத்தில் அம்மாவோடு ஒரு பெண் வந்து நின்றால், இது எத்தனையாவது கர்ப்பம் என்று நம் மேசையில் யாரும் கேட்பதில்லை. வளையலைப் பார்த்தே எழுதிவிடுவோம். நானும் எழுதப் போனேன். ஒரு பேச்சுக்கு "தலைச்சனா?" என்றேன்.

"தலச்சன்தான் நர்சம்மா. வளைலு போட்டுகீது, தெர்ல?" என்றார் அம்மா.

முதல் கர்ப்பம் என்று குறித்தேன். அதுவும் பட்டியலில் இருக்கும் ஒன்றுதானே. அதைக் குறித்தவுடன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருக்கும், முந்தைய கர்ப்பத்தைப் பற்றிய கேள்வியை நாம் படிப்பதே இல்லை.

வளையல்களைக் கீழே தள்ளிவிட்டு, மேல்கையில் பட்டையைச் சுற்றினேன். நூற்று முப்பத்து நான்கு, எண்பத்தாறு. கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, ஆனால் எல்லைக்குள். பட்டையைக் கழற்றும்போது வழக்கமாக எல்லோரும் "பிரஷர் நார்மலா சிஸ்டர்?" என்பார்கள். ரேவதி அப்படிக் கேட்கவில்லை.

"கீழ எவ்ளோ சிஸ்டர்?" என்றாள்.

பட்டையை மேசையில் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். முதல் கர்ப்பத்துக்காரிக்குக் கீழே ஒரு எண் இருப்பதே தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் தினமும் காலையில் வீட்டில் என் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு நான் முதலில் பார்ப்பது அந்தக் கீழ் எண்ணைத்தான்.

அப்போது நானும் கர்ப்பம். நான்காம் மாதம். உடன் வேலை பார்த்த எல்லோருக்கும் அது என் முதல் கர்ப்பம். "தலைச்சன் மகாராணி, மெதுவா வாங்க" என்று ஷீலா மாடிப்படியில் கிண்டல் செய்வாள். அது முதல் இல்லை. இந்த விடுதியில் சேர்வதற்கு முன், அடையாறு பக்கம் வேறொரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தபோது, ஆறாம் மாதத்தில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிக் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. என் பிரசவம் பார்க்கவிருந்த டாக்டர் வேறு மருத்துவமனையில் இருந்தார், அவருக்கு எல்லாம் தெரியும். இந்தத் தடவை ஆரம்பத்திலேயே அவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஊரார் பிரஷரையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன்னுடையதைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களே என்ற வெட்கம். இதையே ஒரு நோயாளி சொல்லியிருந்தால், அது தப்பான வெட்கம் என்று அவளுக்கு அழகாக எடுத்துச் சொல்லியிருப்பேன்.

"தலைவலி இருக்கா?" என்று ரேவதியைக் கேட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "காலீலேர்ந்து தல வலிக்குதுன்னு சொல்லிக்கினு கீறா. இன்னா பண்றது, தல நெறய பூ. போட்டோக்காரன் வேற மூஞ்சிலயே லைட்ட அட்சிக்கினு இருந்தான். யாருக்குத்தான் வலிக்காது?"

"கால் வீக்கம்?"

"கடையில நின்னு நின்னு வந்த வீக்கம்மா அது. கல்யாணத்துக்கு முன்னாலயே கீது."

எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாக் காரணமும் நம்பும்படியாகவும் இருந்தது. "கொஞ்சம் வெளியில இருங்கம்மா, நான் தனியா ரெண்டு கேள்வி கேக்கணும்" என்றேன்.

"எம் பொண்ணாண்ட எனுக்குத் தெரியாதது இன்னா கீது? என்னிய வச்சிக்கினே கேளு."

சிறுநீர் பரிசோதனைக்குக் கப்பைக் கொடுத்து, வழி காட்டுவதுபோல ரேவதியோடு நானும் கழிவறைப் பக்கம் போனேன். அங்கே யாரும் இல்லை. "இதுக்கு முன்னாடி எப்பவாவது உண்டாகியிருந்தியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர். இதான் மொதல்." என் முகத்தைப் பார்க்காமல் வளையல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டே சொன்னாள். உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் கப்பைக் காலியாகவே திருப்பிக் கொடுத்தாள். "வரல சிஸ்டர்."

வராமல் இல்லை, முடிவுக்குப் பயந்து கொடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியதை வைத்து என்ன செய்வது? என் கதையை அவள் மேல் ஏற்றிப் பார்க்கிறேனோ என்ற சந்தேகமும் வந்தது. கர்ப்பமான நர்ஸுக்குப் பார்க்கிறவர்களெல்லாம் பிரஷர்காரிகளாகத் தெரியலாம். ரேவதியை டாக்டரம்மா அறைக்கு அனுப்பினேன். அவரும் வளையலைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், தலைவலியைக் கேட்டார். அம்மா பூவையும் போட்டோக்காரரையும் சொன்னார். இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி, அப்போது சிறுநீர் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அம்மாவும் மகளும் கூடத்தில் மாத்திரை வாங்கும் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றார்கள். நான் அடுத்தவளுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ரேவதி தெரிவாள். அவள் ட்யூப்லைட்டைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு விரலால் புருவத்துக்கு மேல் அழுத்திக்கொண்டு நின்றாள். இரண்டு வாரம் என்று நினைத்தேன். எனக்குக் காலையில் தலைவலி, மறுநாள் குழந்தையின் துடிப்பு இல்லை.

எழுந்துவிட்டேன். "எங்கடி போற, ஆளு உக்காந்திருக்காங்க" என்றாள் ஷீலா. வரிசையில் போய் ரேவதியின் கையைப் பிடித்து, மெதுவாகத்தான் கேட்டேன்: "நீ கீழ எவ்ளோன்னு கேட்டே. அதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

அம்மா நடுவில் வந்தார். "இன்னா நர்சம்மா, திர்ப்பித் திர்ப்பி அதியே நோண்டிக்கினு கீற? வளைலு போட்ட பொண்ணாண்ட கேக்கற கேள்வியா இது? நல்ல வார்த்த வாய்ல வராதா?"

அவர் குரல் உயர்ந்ததில் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஏழெட்டு மாதத்துப் பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள், மாமியார்கள். மேசையிலிருந்து ஷீலா. அறை வாசலில் டாக்டரம்மா. அங்கிருந்து திரும்பிப் போயிருக்கலாம். எண்கள் எல்லைக்குள்தான் இருந்தன. என்னை யாரும் குற்றம் சொல்லியிருக்க முடியாது.

"எனக்கு முன்னாடி ஒண்ணு போயிடுச்சும்மா" என்றேன். "ஆறாம் மாசத்துல. பிரஷர்தான். அன்னைக்குக் காலையில இதே மாதிரிதான் தலை வலிச்சுது."

பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா, தன் மகளின் வயிற்றின்மேல் முந்தானையை இழுத்து மூடினார். பிறகு அவளை எழுப்பி எட்ட இருந்த மாடிப்படிக்குக் கூட்டிப் போனார். யூனிஃபார்மோடு, வயிற்றில் பிள்ளையோடு, கெட்ட சகுனமாக நடுக்கூடத்தில் நின்றேன். இத்தனை நாள் எதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது நான் நினைத்ததைவிட மோசமாகத்தான் இருந்தது. சொல்லிவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று நாம் நோயாளிகளிடம் சொல்கிறோம். எனக்கு லேசாகவில்லை.

ரேவதி வரிசையை விட்டு வந்து காலியான அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "எப்போ சிஸ்டர்?" என்றாள்.

"ரெண்டு வருஷம் ஆகுது."

"எனக்குப் போன வருஷம். கீழ நூத்திப்பத்து இருக்குதுன்னு பெரிய ஆஸ்பத்திரில பேசிக்கினாங்க. அஞ்சரை மாசம்." கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இப்போ கண்ணுல பூச்சி பறக்கற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றாள்.

அவளுடைய அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. மாத்திரைச் சீட்டை மடித்தபடி, யாரிடமோ நியாயம் கேட்பதுபோலச் சொன்னார்: "அது பொறக்கவே இல்லியேம்மா. பொறக்காதத எப்டி கணக்குல சேக்கறது?"

என் அம்மாவும் இதைத்தான் சொன்னார். சற்று வேறு வார்த்தைகளில், மயிலாப்பூர்ப் பேச்சில்: "அதையெல்லாம் எண்ணிண்டு இருக்கப்படாது, சுதா." இரண்டு பேருமே பொய் சொன்னவர்கள் இல்லை. ரேவதியின் வீட்டில் அது ரகசியமும் இல்லை. கணவன், மாமியார் எல்லோருக்கும் தெரியும். எண்ணக்கூடாது என்று வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்தத் தடவை வளைகாப்புவரை போகாததால், செய்யாமல் விட்ட வளைகாப்பை இந்தத் தடவை செய்தார்கள். அதைப் பார்த்து முதல் என்று எழுதியது நாம்தான்.

டாக்டரம்மா அவளை உள்ளே அழைத்து மறுபடி பார்த்தார். இப்போது கீழ் எண் தொண்ணூற்று நான்கு. கப்பை மறுபடி கொடுத்தோம். இந்த முறை சிறுநீர் வந்தது, அதில் புரதமும் இருந்தது. நம் விடுதியில் வைத்துக்கொள்ளும் நிலைமை இல்லை. பெரிய மருத்துவமனைக்கு ஃபோன் செய்துவிட்டு, ஷீலாவைத் துணைக்குக் கொடுத்து உடனே ஆம்புலன்ஸில் அனுப்பினார். அன்று மாலையே அழுத்தம் வேகமாக ஏறியதாம். வலிப்பு வராமல் இருக்க மருந்து ஏற்றி, குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி போட்டு, முடிந்தவரை தள்ளிப் பார்த்துவிட்டு அறுவை செய்தார்கள். பெண் குழந்தை. உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தது என்று, போய்ப் பார்த்துவிட்டு வந்த ஷீலா சொன்னாள். பல வாரம் கண்ணாடிப் பெட்டியில் இருந்து பிழைத்தது. ரேவதியும் பிழைத்தாள்.

இது என் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவளை ஒரு தடவை விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை எழுந்து போனது கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, என் தலைவலி நினைவுக்கு வந்ததால். உங்களில் யாருக்கும் அந்த நினைவு இருக்காது, இருக்கவும் வேண்டாம். அதனால்தான் வளையலைப் பார்க்காமல் கேளுங்கள் என்று சொல்கிறேன். "இது முதலா?" என்று கேட்காதீர்கள். "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை உண்டாகியிருக்கீங்க, தங்காம போனதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கூட வந்தவரை எல்லா நேரமும் வெளியே அனுப்ப முடியாது, அதனால் எல்லோரையுமே ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுகிற வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அப்போது யாருக்கும் கோபம் வராது. ரேவதிக்குப் பிறகு நம் விடுதியில் அப்படித்தான் மாற்றினார்கள்.

அன்று மதியம் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். பாராட்டுவார் என்று, ஆம்புலன்ஸில் போய்த் திரும்பியிருந்த ஷீலா சொல்லி அனுப்பினாள். அவர் பாராட்டவில்லை.

"எத்தனை மாசமா இங்க வேலை பாக்கறே? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்ட நான் பேஷன்ட் இல்லையே டாக்டர்."

"பேஷன்ட் இல்ல. ஆனா உன்னை நாள் பூரா நிக்க வெக்கறது யாரு? நான்தானே? ஷிஃப்ட் போடறப்போ எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் கேக்கலை. ரேவதியையும் கேக்கலை, உன்னையும் கேக்கலை" என்றார்.

அதற்குப் பிறகு ஷீலா இரண்டு மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது, டப்பாவை மூடிவைத்துவிட்டு, "தலைச்சன் மகாராணின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனேடி" என்றாள். "நிறுத்துடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாளே.

எனக்கும் கடைசியில் அழுத்தம் கொஞ்சம் ஏறியது. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் சரியான நேரத்தில் பிடித்துவிட்டார்கள். பையன் சற்று முன்னதாகப் பிறந்தான், நன்றாக இருக்கிறான். அவன் தும்மினாலும் எனக்குப் பயம். அது வேறு கதை.

போன மாதம் அவனுக்குச் சட்டை எடுக்கத் தி. நகர் போனோம், நானும் என் அம்மாவும். குழந்தைகள் பிரிவில் ரேவதி நின்றாள். அவள் வேலைக்குத் திரும்பியது எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் சிரித்தாள், சட்டைகளை எடுத்துப் போட்டாள், பையன் கன்னத்தைத் தொட்டாள். அவள் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "அம்மாவாண்ட விட்டுட்டு வந்துக்கீறேன். நல்லா தவழறா" என்றாள். அவளோடு நின்ற இன்னொரு பெண் பில் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்து, "மொதல் கொழந்தையா மேடம்?" என்று கேட்டாள்.

என் அம்மா பக்கத்தில் நின்றார். ரேவதி எதிரில் நின்றாள்.

"ஆமாம்" என்றேன்.

நடுக்கூடத்தில் நின்று சொன்ன அதே வாயால். சட்டையின் விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா நகர்ந்து அடுத்த ரேக்குக்குப் போன பிறகு, ரேவதி விரித்துப் போட்ட சட்டைகளை மடித்தபடி, "நானும் அப்டித்தான் சொல்றேன் சிஸ்டர். இங்கல்லாம் இன்னாத்துக்கு" என்றாள்.

கடைகளில் நாங்கள் இன்னும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்போம். அவளுக்கு அடுத்தது உண்டானால் உங்களிடம்தான் வருவாள். நானும் ஒருவேளை வரலாம். அப்போது நான் உங்கள் சீனியர் என்று நினைத்துக்கொண்டு கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.